படித்தது நிற்பதற்கு: அறிவியல் மாணவர்களின் படிப்பு முறைகள்

அறிவியல் பிரிவு எடுத்த மாணவருக்கு ஒரே நாளில் நாலு விதமான வேலை இருக்கிறது. இயற்பியலில் ஒரு சமன்பாட்டைத் தருவித்து, அதைப் புதுக் கணக்கில் பொருத்த வேண்டும். வேதியியலில் எந்த வினை எந்த நிபந்தனையில் நடக்கும் என்று சொல்லத் தெரிய வேண்டும். உயிரியலில் நூற்றுக்கணக்கான பெயர்களையும் படங்களையும் செயல்முறைகளையும் ஒன்றோடொன்று கோக்க வேண்டும். ஆய்வகத்தில் கருவியைப் பிடித்து அளவெடுக்க வேண்டும். இத்தனைக்கும் பெரும்பாலோர் கைக்கொள்ளும் படிப்பு முறை ஒன்றுதான்: நோட்ஸை எடுத்து, வரி மனத்தில் தங்கும்வரை திரும்பத் திரும்ப வாசிப்பது. அந்த முறை எதற்குப் போதும், எதற்குப் போதாது, போதாத இடத்தில் வேறென்ன செய்யலாம் என்பதே படிப்புத் திறன் பற்றிய விவாதத்தின் மையம்.

இதை தா.பழூர் போன்ற ஓர் ஊரில் நின்று பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய இந்த ஒன்றியம் அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதமாக இருந்தபோது அரியலூர் மாவட்டத்தில் 71.34 சதவீதம்தான். அதே மாவட்டம் 2024இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் 97.31 சதவீதத்துடன் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது. 2025இல் பிளஸ் டூ தேர்ச்சியில் 98.82 சதவீதத்துடன் மறுபடியும் முதலிடம். 2023இல் பத்தாம் வகுப்பில் முதலில் நின்றது பக்கத்து மாவட்டமான பெரம்பலூர். மாலை நேர ஸ்பெஷல் கிளாஸ், தினமும் ஒரு ஸ்லிப் டெஸ்ட், மெல்லக் கற்கும் மாணவரைத் தனியே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பட்ட பாட்டுக்குக் கிடைத்த பலன் இது. குறைத்து மதிப்பிட முடியாத சாதனை. பாஸ் ஆவது எப்படி என்ற கேள்விக்கு இந்த இரண்டு மாவட்டங்களும் ஏறக்குறைய விடை கண்டுவிட்டன. பாஸ் ஆனவருக்கு ஆறு மாதம் கழித்துப் பாடத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதுதான் இனி கேட்க வேண்டியது.

பிளஸ் டூ இயற்பியல் வினாத்தாளின் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் ஒரு மார்க் கேள்வி 15. மற்றவை இரண்டு, மூன்று, ஐந்து மார்க். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 சேர்த்து நூறு. தேர்ச்சிக்கு 35 போதும். பாடத்தின் பின்பக்க வினாக்களையும் சில ஐந்து மார்க் தருவித்தல்களையும் நெட்டுருப் போட்டாலே இந்த எல்லையைத் தாண்டிவிடலாம். பதினைந்து நாள் நினைவில் நின்றால் போதும் என்ற கணக்கில் படிப்பு அமைவது அதனால்தான். ஆனால் பொறியியல் கல்லூரியின் முதல் பருவமோ பி.எஸ்சி. வகுப்போ பிளஸ் டூ பாடம் மனத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. நீட், ஜே.இ.இ. போன்ற தேர்வுகள் வாசகத்தைக் கேட்பதில்லை. தெரிந்த கருத்தைத் தெரியாத சூழலில் வைத்துக் கேட்கின்றன, தவறான விடைக்கு மதிப்பெண்ணையும் குறைக்கின்றன.

இந்த இடத்தில் அரியலூர் மாவட்டத்தின் துயரம் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கியவர். 2017இல் நீட் மதிப்பெண்ணை வைத்தே மருத்துவச் சேர்க்கை என்றான பிறகு இடம் கிடைக்காமல் அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி உயிரிழந்தார். உழைப்பிலோ அறிவிலோ அவரிடம் குறை இருக்கவில்லை. வேறு பாடத்திட்டத்தை ஒட்டிய, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவருக்கு வாகான ஒரு தேர்வு, அவர் படித்துவந்த பாதையின் குறுக்கே வைக்கப்பட்டது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வாய்ப்பின் குறையை மாணவரின் படிப்பு முறை ஈடுகட்டிவிடும் என்று சொல்வது அநியாயம். கிடைக்கிற நேரத்தையும் உழைப்பையும் வீணாக்காமல் காப்பது மட்டுமே அதன் வேலை.

மனனம்: அதன் இடமும் எல்லையும்

மனப்பாடத்தைக் கேலி செய்வது எளிது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை முறைவைத்துச் சொல்லிச் சொல்லி, பின்ன வாய்பாடுகள் வரை மனத்தில் ஏற்றிக்கொண்ட பிள்ளைகள் நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் வட்டி போடவும் ஏடு தேட வேண்டியிருக்கவில்லை. இன்றும் வாய்பாடு, தனிமங்களின் குறியீடும் இணைதிறனும், முக்கோணவியல் மதிப்புகள், அலகுகள் ஆகியவை தானாக நாவில் வர வேண்டியவைதான். இவற்றை ஒவ்வொரு தடவையும் யோசித்து எடுக்கிறவருக்குக் கணக்கின் உள்ளே போக மூளையில் இடமிருக்காது.

மனனம் செய்யும் வழியில்தான் சிக்கல். பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் மாணாக்கர் பாடம் கேட்கும் முறையை விரிவாகச் சொல்லியிருக்கிறார். கேட்டதை மறுபடி நினைத்துப் பார்ப்பது, ஆசிரியரை அடுத்து ஐயம் தீர்ப்பது, உடன் படிப்போருடன் பழகுவது, கேள்வி கேட்பது, தம்மைக் கேட்டால் விடை சொல்வது எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு கணக்கும் இருக்கிறது: ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு, உடன் பயில்வோரால் இன்னொரு கால் பங்கு, பிறருக்கு எடுத்துரைக்கும்போது மீதி அரைப் பங்கு. அது அளந்து கண்ட எண்ணாக இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பாதிக் கல்வி உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும்போது நடக்கிறது என்று இலக்கண ஆசிரியர் ஒருவர் பல நூற்றாண்டுகளுக்கு முன் கணித்ததையே பின்னாளைய உளவியல் சோதனைகளும் வேறு வழியில் வந்தடைந்தன.

அந்தச் சோதனைகளின் வரலாறு ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நூலில் தொடங்குகிறது. பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். முதல் நாளிலேயே பெரும்பகுதி கழன்றுவிடுகிறது, பிறகு மறதியின் வேகம் தணிகிறது என்பது அவர் கண்டது. ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது குறைந்த உழைப்பில் நிற்கிறது என்பதும் அதே நூலில் இருக்கிறது.

மாணவருக்கு நேரடியாகப் பயன்படுவது அமெரிக்காவில் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனை. கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு முறையில் அதை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். மற்றதில் ஒரு தடவை வாசித்துவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத்தாளில் எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை வாசித்ததற்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்ததற்கு 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு தலைகீழானது: வாசித்ததற்கு 42, எழுதிப் பார்த்ததற்கு 56. மறுவாசிப்பு ஏன் மாணவரை ஏமாற்றுகிறது என்பது இந்த எண்களில் தெரிகிறது. வாசித்து முடித்த கையோடு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. பழக்கப்பட்ட பக்கத்தை அடையாளம் கண்டுகொள்வதை, அதைச் சொல்லத் தெரிவதாக மனம் எடுத்துக்கொள்கிறது.

டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை நடந்த ஆய்வுகளை வைத்து மதிப்பிட்டார்கள். தன்னையே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் உயர்ந்த பயன் உள்ளவையாகத் தேறின. மறுவாசிப்பும், வரிகளின் மேல் வண்ணப் பேனாவால் கோடு போடுவதும் கீழே போயின. ‘நான் பார்த்துப் படிக்கிற ரகம், அவன் கேட்டுப் படிக்கிற ரகம்’ என்று மாணவரைப் பிரிப்பதற்கும் போதிய ஆதாரமில்லை என்பது 2008இல் பாஷ்லரும் பிறரும் செய்த மதிப்பீட்டின் முடிவு.

இப்படிப் பார்த்தால் அரியலூர்ப் பள்ளிகள் தினமும் வைக்கும் ஸ்லிப் டெஸ்ட் மிக நல்ல கருவி. மதிப்பெண் குறித்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதோடு அது நின்றுவிடுகிற இடங்களில் பாதிப் பயன் வீணாகிறது. தவறிய கேள்வி மறு வாரமும், அடுத்த மாதமும், காலாண்டு விடுமுறைக்குப் பிறகும் திரும்பி வர வேண்டும். ஜூனில் நடத்திய முதல் பாடத்தை ஜனவரி ரிவிஷனில்தான் மறுபடி திறப்பது என்றால், இடையில் மறந்தது போக அதைப் புதுப் பாடமாகவே படிக்க வேண்டியிருக்கும். அதுவும் தை அறுவடை நேரம். சம்பா நெல் களத்துக்கு வரும் நாட்களில் பிள்ளைகளுக்கும் வீட்டில் வேலை இருக்கும். ரிவிஷன் முழுவதையும் அந்த அறுவடை வாரங்களில் அடைத்து வைக்கும் திட்டம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளையே அதிகம் தண்டிக்கிறது.

பாடத்துக்குள் இறங்கிப் பார்த்தால்

நிலைமின்னியல் பாடத்தில் வரும் இணைத்தட்டு மின்தேக்கியை எடுத்துக்கொள்ளலாம். தட்டுகளுக்கிடையே மின்காப்புப் பொருளைச் செருகினால் என்ன ஆகும்? மின்கலத்தைத் துண்டித்துவிட்டுச் செருகும்போது ஒன்று, மின்கலம் இணைந்திருக்கும்போது வேறொன்று. மின்னூட்டம், மின்னழுத்த வேறுபாடு, மின்புலம், மின்தேக்குத்திறன், ஆற்றல் ஆகிய ஐந்தில் எது கூடும், எது குறையும், எது மாறாது என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அதை அப்படியே நெட்டுருப் போடுகிறவர் தேர்வறையில் இரண்டு வரிசைகளையும் மாற்றி எழுதிவிட வாய்ப்பு அதிகம்.

அட்டவணையை மூடிவிட்டு ஒரே ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம்: எது மாற வழியில்லை? மின்கலத்தைத் துண்டித்துவிட்டால் தட்டிலுள்ள மின்னூட்டம் எங்கும் போக முடியாது, அது மாறிலி. மின்காப்பு உள்ளே வந்ததும் மின்தேக்குத்திறன் கூடுகிறது. அதே மின்னூட்டம், கூடிய மின்தேக்குத்திறன் என்றால் மின்னழுத்த வேறுபாடு குறைந்தாக வேண்டும். கூடவே மின்புலமும் ஆற்றலும் குறையும். குறைந்த ஆற்றல் எங்கே போயிற்று என்று அடுத்துக் கேட்டால், மின்காப்பைத் தட்டுகளே உள்ளே இழுத்தது நினைவுக்கு வரும். மின்கலம் இணைந்திருந்தால் மாறாமல் நிற்பது மின்னழுத்த வேறுபாடு. அதிலிருந்து மற்றவை தாமே வருகின்றன. அடுத்த வரி ஏன் இப்படி என்று ஒவ்வோர் அடியிலும் தனக்கே விளக்கிக்கொள்ளும் இந்த வழக்கம் தருவித்தல்கள் அனைத்துக்கும் பொருந்தும். ஐந்து மார்க் விடையில் நடுவில் ஒரு வரி மறந்தாலும் தொடர முடிவது இப்படிப் படித்தவருக்குத்தான்.

வேதியியலில் பெயர் வினைகள் குழப்புவதற்குக் காரணம், ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில் தனித்தனியே படிப்பது. ஆல்டால் குறுக்க வினையிலும் சோடியம் ஹைட்ராக்சைடு வருகிறது. கன்னிசரோ வினையிலும் வருகிறது. முன்னதில் நீர்த்தது, பின்னதில் அடர்வானது. அதைவிட அடிப்படையான வேறுபாடு, ஆல்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜன் இருக்கிறதா என்பது. அசெட்டால்டிஹைடில் இருக்கிறது, ஆல்டால் நடக்கிறது. ஃபார்மால்டிஹைடிலும் பென்சால்டிஹைடிலும் இல்லை, கன்னிசரோ நடக்கிறது. இரண்டையும் கலந்துவைத்து எது எங்கே என்று பயிலும்போதுதான் இந்த வேறுபாடு கண்ணில் படும். கணக்குகளிலும் இதே நிலைதான். ரோரரும் டெய்லரும் 2007இல் செய்த சோதனையில், ஒரே வகைக் கணக்குகளை வரிசையாகப் போட்டவர்கள் பயிற்சி நேரத்தில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அவர்கள் பெற்றது 20 சதவீதம்; வகைகளைக் கலந்து போட்டவர்கள் 63 சதவீதம். எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுப்பதும் கணக்கின் ஒரு பகுதி என்பதைப் பயிற்சிப் பக்கத்தின் தலைப்பே மறைத்துவிடுகிறது.

கணக்குப் போடுவதில் இன்னொன்று. சாய்தளம் வருகிற கணக்குகளை எல்லாம் புதிய மாணவர் ஒரே வகையாகச் சேர்க்கிறார், தேர்ந்தவரோ ஆற்றல் மாறா விதியால் தீர்பவை, நியூட்டனின் விதியால் தீர்பவை என்று பிரிக்கிறார் என்பதை மிக்கலீன் சியும் உடன் ஆய்வாளர்களும் 1981இல் காட்டினார்கள். தீர்த்த கணக்கு ஒவ்வொன்றின் அடியிலும் ‘இதில் பயன்பட்ட தத்துவம் எது’ என்று ஒரு வரி எழுதிவைத்தால் இந்தப் பார்வை மெல்லப் பழகும்.

உயிரியலுக்குப் படமே பாடம். நெஃப்ரானையோ இதயத்தையோ புத்தகத்தைப் பார்த்து அழகாக வரைவதில் ஒரு மாலை போய்விடுகிறது. நினைவில் தங்குவது கொஞ்சம். புத்தகத்தை மூடி, கோணலாக இருந்தாலும் வரைந்து, பாகங்களைக் குறித்து, பிறகு திறந்து விட்டுப்போனதைச் சிவப்பு மையால் சேர்ப்பது பத்து நிமிட வேலை. மறுநாள் அந்தச் சிவப்பைப் பார்த்தால் எங்கே இடறியது என்று தெரியும்.

இதற்கெல்லாம் தாள் செலவாகும் என்ற கவலை பல வீடுகளில் உண்டு. மதனத்தூர் பாலத்தில் கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். அங்கே வளர்ந்த இராமானுஜன் தாள் விலை கட்டுபடியாகாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். தன்னைச் சோதித்துக்கொள்ள ஒரு சிலேட்டும் கட்டிக் குச்சியும் போதும். ஆனால் அவர் வழியில் பின்பற்றக் கூடாததும் இருக்கிறது: படிகளை அழித்துவிட்டு விடையை மட்டும் வைப்பது. அவருடைய நோட்டுப் புத்தகங்களுக்கு நிரூபணம் எழுதக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று. கணிதத்தில் மட்டும் மூழ்கிப் பிற பாடங்களில் தவறியதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையையும் இழந்தார். அவ்வளவு பெரிய மேதைக்கே ஒற்றைப் பாடப் படிப்பு கை கொடுக்கவில்லை.

ஆய்வகமும் அதற்கு வெளியேயும்

செய்முறைப் பாடம்தான் பள்ளிகளில் அதிகம் புறக்கணிக்கப்படுவது. பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, அளவுகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டு நிரப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பியூரெட்டை நிரப்பி, புனலை எடுத்துவிட்டு, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பிறைமட்டத்தைப் படித்து, முடிவுநிலை நெருங்கும்போது துளித்துளியாக விட்டு, இரண்டு அளவுகள் ஒத்துவரும்வரை மறுபடி செய்கிற மாணவர் கற்பது பருமனறி பகுப்பாய்வு மட்டும் என்று நினைக்கக் கூடாது. அளவில் பிழை எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நம்பலாம் என்ற அறிவியலின் அடிப்படையே அங்கேதான் கைக்கு வருகிறது. பார்த்ததைப் பார்த்த உடனே அப்சர்வேஷன் நோட்டில் பேனாவால் எழுதுவதும், தவறினால் அழிக்காமல் ஒரே கோட்டால் அடிப்பதும் அதன் ஒழுக்கம்.

அந்த ஒழுக்கம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே மாவட்டத்தில் ஒரு சான்று கிடைக்கிறது. அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை 1980களில் யாதகிரியும் அய்யாசாமியும் ப்ருஹத்காயோசாரஸ் என்ற டைனோசராக விவரித்தார்கள். உலகிலேயே மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக அது இருக்கலாம். முதலில் ஊனுண்ணி வகையாக வைக்கப்பட்டது, பின்னர் நீண்ட கழுத்துள்ள தாவரவுண்ணி வகைக்கு மாற்றப்பட்டது. எலும்புகளோ நொறுங்கி அழிந்துபோயின. வெளியான விவரிப்பில் தெளிவான படங்கள் இல்லாததால், அது எலும்பா கல்மரமா என்றே சிலர் ஐயம் எழுப்பினார்கள். எடுக்கப்பட்டும் வெளிவராமல் இருந்த பழைய ஒளிப்படங்கள் 2022இல் வெளியிடப்பட்ட பிறகே எலும்பு என்ற தரப்புக்கு வலுச் சேர்ந்தது. குறிப்பும் படமும் அன்றைக்கே முழுமையாக வெளிவந்திருந்தால் ஒரு தலைமுறைக் காலச் சந்தேகம் மிச்சமாகியிருக்கும்.

பரிணாமப் பாடத்தில் தொல்லுயிர் எச்சம் என்று படிக்கிற பிள்ளைகளுக்குக் காரையின் செம்மண் பள்ளங்களும், எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த சாத்தனூரின் 18 மீட்டர் நீளக் கல்மரமும், வாரணவாசியின் புதைபடிம அருங்காட்சியகமும் ஒரு நாள் பயணத்தில் எட்டும். அமில காரச் சமநிலைக்கு அவ்வளவு தூரமும் வேண்டாம். தா.பழூர் ஒன்றியத்துக்குள்ளேயே சோழமாதேவியில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது; மண்ணின் பிஹெச் என்பது அங்கே வரும் விவசாயிக்கு உர விஷயம்.

சேர்ந்து படிப்பது

1789இல் சென்னை எழும்பூரின் ஆண்கள் அனாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியில் தேர்ந்த மாணவரே மற்றவருக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டைச் செய்தார். அது சென்னை முறை என்ற பெயருடன் இங்கிலாந்துக்குப் போனது. திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தவருக்கு அதில் புதுமை இல்லை. இன்றைய ஸ்டடி ஹாலில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பத்தியாக வாசிப்பதில் பெரிய பயன் கிடையாது. ஒருவர் புத்தகம் பார்க்காமல் விளக்க, மற்றவர்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு ‘ஏன்’ என்று குறுக்கே கேட்டால் விளக்குகிறவருக்கே அதிக லாபம். அதனால் விளக்கும் முறை எல்லாருக்கும் சுற்றி வர வேண்டும். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவரே எப்போதும் சொல்லிக்கொடுத்தால் மெல்லக் கற்பவருக்குக் கிடைக்க வேண்டியதும் அவருக்கே போய்ச் சேர்கிறது.

தமிழ்வழியிலிருந்து கல்லூரிக்கு

கிராமத்து அறிவியல் மாணவர் சந்திக்கும் கடைசித் தடை மொழி மாற்றம். பன்னிரண்டு வருடம் உந்தம், முடுக்கம், சவ்வூடு பரவல் என்று படித்தவர், கல்லூரியின் முதல் வாரத்தில் மொமன்டம், ஆக்ஸிலரேஷன், ஆஸ்மாஸிஸ் என்று கேட்கிறார். தெரிந்த பாடமே தெரியாததாகத் தோன்றுகிறது. கையை உயர்த்திக் கேட்கவும் கூச்சம். இது அறிவின் குறைபாடு இல்லை, தமிழின் குறைபாடும் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றுவித்தார். 1987 முதல் வரும் துளிர் இதழ் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் அறிவியல் சொல்லிவருகிறது. கருத்தைத் தமிழில் தெளிவாக வாங்கிக்கொண்டவருக்கு ஆங்கிலப் பெயரைக் கூடுதலாக ஒட்டிக்கொள்வது சில மாத வேலை. கருத்தில்லாமல் ஆங்கில வரியை நெட்டுருப் போட்டவரின் பாடு அதைவிடக் கடினம்.

அந்தச் சில மாதங்களைக் கல்லூரி திறக்கும்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே ஒரு நோட்டின் பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லும் எழுதிவரலாம். ஒரு பக்கத்தை மறைத்து மறுபக்கத்தைச் சொல்லிப் பார்த்தால் அதுவே சோதனையும் ஆகிறது. பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை கிடைக்கும் விடுமுறையில், ஏற்கெனவே தமிழில் நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பாடங்களை மட்டும் ஆங்கிலவழிப் பாடநூலில் வாசிக்கலாம். அரசுப் பாடநூல்கள் இரண்டு வழியிலும் ஒரே அமைப்பில் இருப்பதால், தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. புதுப் பாடத்தைப் புது மொழியில் படிக்க வேண்டிய நிலை வரும்போது மொழியாவது அதற்குள் பழகியிருக்கும்.